அம்மாவைப் புரிய வைத்தவர்களுக்கு

தெருக்காரர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது துணை நின்றதற்கு வீடு வீடாகப் போய் நன்றி சொல்லலாம்தான். ஆனால் யாராவது ஒருவர் விட்டுப்போவார், அது ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி எதிர்வீட்டு அக்காவுக்கு. அம்மாவின் முகம் ஒரு பக்கம் தொங்கியதைப் பார்த்ததும் 108-க்கு அடித்தவர் அவர்தான். "எனக்கு ஒண்ணுமில்ல, கை நல்லாத்தான் இருக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். இடது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கையை இயக்குவது மூளையின் வலப்பக்கம், அம்மாவுக்கு அடிபட்டது அங்கேதான். அங்கே அடிபட்டவர்களில் சிலருக்குக் கை விழுந்ததே தெரியாதாம். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1914-லேயே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார். அக்காவுக்கு பாபின்ஸ்கியைத் தெரியாது, ஆனால் அம்மாவின் பேச்சை நம்பக் கூடாது என்று தெரிந்திருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போட முடிந்ததற்கு அவருடைய பிடிவாதமும், ஆம்புலன்ஸ் ஓட்டிய தம்பியின் வேகமும்தான் காரணம்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தந்த தாளில் 'பேச்சு நார்மல்' என்று எழுதியிருந்தது. எங்களுக்கு ஒரே நிம்மதி. வார்த்தை குழறவில்லை, பெயர் மறக்கவில்லை. "நல்லவேளை, இடப்பக்கம் அடிபட்டிருந்தா பேச்சே போயிருக்கும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதில் தப்பில்லை. 1861-இல் பாரிஸில் பால் ப்ரோக்கா பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்று மட்டுமே சொல்வார். அவர் இறந்த பிறகு பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. 1874-இல் வெர்னிக்கே, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியையும் இடப்பக்கத்திலேயே காட்டினார். அன்றிலிருந்து மொழி என்றால் இடது மூளை என்று ஆகிவிட்டது. அந்தத் தாளை எழுதியவரும் அதைத்தான் படித்திருப்பார்.

ஆனால் வீட்டுக்கு வந்த அம்மா வேறு மாதிரி இருந்தார். மே மாதம். பெரிய அத்தை வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்து, "அப்பா, வெயில் மண்டையப் பொளக்குது!" என்றார். முன்பெல்லாம் வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மோர் வந்துவிடும். அம்மாவால் எழ முடியாது, சரி. உள்ளே இருந்த எங்களைக் கூப்பிட்டுச் சொல்லலாமே? "ஆமாம், மே மாசம்தானே" என்று சொல்லிவிட்டு டிவி பார்த்தார். அத்தை மனத்தாங்கலோடு போனார். இன்னொரு நாள் தாமதமாக வந்த மாமாவைப் பார்த்து அப்பா, "ரொம்ப சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றார். அம்மா நிதானமாக, "எங்க சீக்கிரம்? மணி பதினொண்ணு" என்றார். தெருவையே கிண்டலடித்துச் சிரிக்க வைத்தவர் அவர். அவருடைய குரலிலும் ஏற்ற இறக்கம் போய்விட்டது. "எப்படி இருக்கே?" என்று கேட்டால் விசாரிப்பது போலவே இருக்காது. படுத்து எழுந்ததும் கர்வம் வந்துவிட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் பேச்சுப் பயிற்சி தரும் மேடம் வந்தார். உடற்பயிற்சி சொல்லித்தரும் தம்பிதான் அவரைப் பார்க்கச் சொன்னார், அவருக்கும் நன்றி. மேடம் எங்களை உட்கார வைத்துச் சொன்னது இதுதான்: அம்மாவுக்குப் பாசம் குறையவில்லை. வார்த்தை காதில் விழுகிறது, அர்த்தமும் தெரிகிறது. யார் சொல்கிறார், எந்தக் குரலில் சொல்கிறார், இப்போது ஏன் சொல்கிறார் என்று எல்லாவற்றையும் ஒன்று சேர்க்கிற வேலைதான் தடைபட்டிருக்கிறது. அந்த வேலையில் வலது மூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

1977-இல் எலன் வின்னரும் ஹாவர்ட் கார்ட்னரும் செய்த ஒரு சோதனையையும் சொன்னார். 'கனத்த இதயம்' என்ற சொற்றொடரைக் கொடுத்துப் பொருத்தமான படத்தைத் தொடச் சொன்னார்களாம். வலப்பக்கம் அடிபட்டவர்களில் பலர், ஒரு மனிதன் பெரிய இதயத்தைச் சுமக்க முடியாமல் சுமக்கிற படத்தைத் தொட்டிருக்கிறார்கள். அதே ஆட்களை வாயால் விளக்கச் சொன்னால் சோகம் என்று சரியாகவே சொன்னார்களாம்! இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சு இழந்தவர்களோ அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். குரலின் உணர்ச்சியைக் காட்ட முடியாமலும் கண்டுபிடிக்க முடியாமலும் போவதைப் பற்றி 1981-இல் எலியட் ராஸ் என்ற நரம்பியல் மருத்துவர் விரிவாக எழுதினார் என்பதும் மேடம் சொல்லித்தான் தெரியும்.

உடனே எங்கள் சித்தப்பா, வாட்ஸ்அப்பில் வரும் 'இடது மூளை கணக்கு, வலது மூளை கலை' படத்தை எடுத்துக் காட்டினார். மேடம் சிரித்துவிட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்துதான் எல்லா வேலையும் செய்கின்றன, உவமையில் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை என்றார். சித்தப்பா அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

ஒரே வாக்கியத்தைக் கோபமாக, சந்தோஷமாக, நக்கலாகச் சொல்லிக் காட்டி, அம்மாவையும் கூடவே சொல்ல வைத்து, அப்புறம் தனியாகச் சொல்ல வைத்து, மேடம் பட்ட பாட்டுக்குக் கட்டணம் வாங்கினார் என்பதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதெல்லாம் நோய்தான் என்று அத்தையிடம் போனில் பேசி விளக்கியவரும் அவரே. அது அவர் வேலையே இல்லை.

சின்ன மாமியைச் சொல்லாமல் விட்டால் பாவம். கல்யாணப் பந்தியில் அம்மா "உப்பே வைக்கல" என்றார். பரிமாறிய பையன் வைத்துவிட்டுப் போனான். மறுபடியும் "உப்பு வைக்கல". உப்பும் ஊறுகாயும் இலையின் இடது மூலையில் அப்படியே இருந்தன. அம்மாவின் கண்ணில் கோளாறு இல்லை, இடப்பக்கத்தை மூளைதான் கவனிக்க மறுக்கிறது. பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்க, மாமி ஒன்றும் பேசாமல் உப்பை விரலால் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான், பந்தி நடந்தது. செய்தித்தாளிலும் இதே கதை, அம்மா ஒவ்வொரு வரியையும் நடுவிலிருந்து படிப்பார். இப்போது காலையில் பேப்பர் வந்ததும் அப்பா சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் இடது ஓரம் முழுக்க ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறார். அந்தக் கோடு கண்ணில் படும் வரை தேடிவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது பயிற்சி. அப்பாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவார்.

அம்மா இப்போது எவ்வளவோ தேவலை. கிண்டல் பாதி பிடிபடுகிறது, மீதிக்கு என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து "பாட்டி, அது சும்மா சொன்னது" என்று விளக்கம் கொடுக்கிறாள்.

தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முக்கியமான விஷயத்தை அம்மாவின் வலப்பக்கம் உட்கார்ந்து சொல்லுங்கள், டிவியை அணைத்துவிடுங்கள். ஜாடையாகச் சொன்னால் நேரமாகும். காபி வேண்டுமென்றால் காபி வேண்டும் என்று நேராகக் கேளுங்கள், உடனே எங்களை விரட்டிப் போட வைப்பார்.