உயிர்ச்சுவட்டுக் கல்லுக்கு ஊர்ப்பெயர் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்களவு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய மிகப் பழைய பாறையாக இருப்பதால், பண்டைய உயிர்களின் எச்சமான உயிர்ச்சுவடு கிடைக்கும் இடங்கள் நமக்கு மிகச் சிலவே. யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் உள்ள மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல், புத்தளத்துக்கு அருகிலுள்ள தப்போவையின் யுராசிக் கால இலைப் பதிவுகள், இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் மாணிக்கச் சரளைப் படையைத் தோண்டும்போது அகப்படும் யானை, நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் ஆகியவையே அவற்றுள் முக்கியமானவை. அந்த எலும்புகளைப் அன்றைய தேசிய அருங்காட்சியகப் பணிப்பாளர் பி. இ. பி. தெரணியகல போன்றோர் இடம் குறித்துச் சேர்த்து வைத்ததனால்தான் இன்றும் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது.

நான் கற்பித்த ஒரு திணைக்களத்தில், அறைக்கு வர்ணம் பூசுவதற்காகத் தட்டுகளை ஒதுக்கியபோது கற்கள் ஒரு பெட்டியிலும் அவற்றின் இடம் குறித்த சீட்டுகள் வேறொரு பெட்டியிலுமாகக் கொட்டப்பட்டன. அவற்றுள் உள்ளங்கைக்குள் அடங்கும், கல்லாகிப்போன ஒரு கடல் முள்ளி (ஓட்டின் மேல் முட்கள் கொண்ட கடலுயிரி) இருந்தது. அதன் முதுகில் ஐந்து இதழ்ப் பூவைப் போன்ற துளை வரிசைகள் அப்படியே தெரிந்தன. அதன் இனத்தை நூல்களோடு ஒப்பிட்டு எப்போதும் அறியலாம். ஆனால் எந்தக் கற்குழியின் எந்தப் பாறைப் படையிலிருந்து வந்தது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. அன்று பட்ட வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாணவர்கள் இனங்காணப் பழகுவதற்குக் கையில் எடுத்துப் பார்க்கும் கல் அவசியம். சங்கு இருக்குமென்று தேடும் இடத்தில், வெறும் குழியையோ அதன் உட்புறத்தில் இறுகிய கல்லையோதான் அவர்கள் பெரும்பாலும் காண்கிறார்கள். ஓடுகள் அரகனைற்று, கல்சைற்று என்ற இருவகைச் சுண்ணாம்புக் கனிமங்களால் ஆனவை; அரகனைற்றாலான ஓடு நீரில் எளிதில் கரைந்துபோக, கல்சைற்றாலான கடல் முள்ளியும் தடித்த சிப்பிகளும் உருவோடு எஞ்சுவதே இதற்குக் காரணம். இதைப் படத்தில் காட்டி விளங்கவைப்பது கடினம். கடுங்கல்லில் புதைந்த, போராமினிபெரா எனும் ஒருகல உயிர்களின் நுண்ணிய ஓடுகளுக்கோ, கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும்.

ஆகவே, கற்பித்தல் சேகரிப்பு வைத்திருக்கும் திணைக்களங்கள், கல்லிலேயே சிறிதளவு வெள்ளை வர்ணம் தடவி, அதன் மேல் கறுப்பு மையால் இலக்கமிட்டு, அதே இலக்கத்தைப் பதிவேட்டிலும் எழுதிவைக்க வேண்டுகிறேன். சீட்டு தொலைந்தாலும் இலக்கம் கல்லோடு இருக்கும்.

கொழும்பில் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகர் பலரின் வீடுகளில், கிணறு வெட்டியபோது எடுத்த சிப்பிக் கற்கள் இருக்கக்கூடும். அவற்றைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்க விரும்புவோர் ஊர், ஆழம், எடுத்த ஆண்டு ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். தயவுசெய்து கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் மண்ணிலும் நுண்ணிய சுவடுகள் இருக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விரிவுரையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.