பெரம்பூரிலிருந்து லஸ் வரைக்கும் எனக்கு வழி சொன்னவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கண் பார்வை குறைந்து நான் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டு இந்த ஆவணியோடு இரண்டு வருடம் ஆகிறது. மயிலாப்பூரில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். பதினெட்டு வருடம் பெரம்பூரிலிருந்து அந்த வண்டியில்தான் போய்வந்தேன். இன்றைக்கும் அதே கடைக்கு அதே ஒன்பதரை மணிக்குப் போய்ச் சேருகிறேன் என்றால் அது உங்களால். உங்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

முதல் நன்றி ஓட்டேரியில் இருக்கும் ஒரு தாய்க்கு. அன்றைக்குச் சாயங்காலம் இடது பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்த உங்கள் பையனை, என் வண்டியின் ஹேண்டில்பார் அவன் மேல் உரசுகிற வரைக்கும் நான் பார்க்கவே இல்லை. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. நீங்கள் சண்டை போட்டிருந்தால் நியாயம்தான். பையனின் கையைக் கழுவிவிட்டு, நடுங்கிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்களுக்கு இந்தப் பக்கம் தெரியலையா?" என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு கண்ணாடிக் கடையில் பவரை மட்டும் மாற்றிக்கொண்டு இருந்தேன். அங்கே ஒருவரும் கேட்காத கேள்வி அது.

எனக்கு வந்திருப்பது குளுக்கோமா, கண் நீர் அழுத்த நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். என்னுடைய வகையில் வலியே கிடையாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். போன இடம் கறுப்பாகவும் தெரியாது, மூளையே அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிவிடும். அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இது தெரிந்தது எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில். அது 1819-இல் தொடங்கியது. இருநூறு வருடத்துக்கு மேல் இந்த ஊரின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடம். 10-இலிருந்து 21 வரை இருக்கவேண்டிய அழுத்தம் எனக்கு ஒரு கண்ணில் 34 இருந்தது. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பரிசோதனையில், அழுத்தாமல் நான் சும்மா இருந்த நேரம்தான் அதிகம். டாக்டரம்மா, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டியை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று நேராகச் சொன்னீர்கள். அதோடு, "கூடப்பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்றீர்கள். என் அண்ணனுக்கும் அழுத்தம் அதிகமாக இருந்தது, ஆனால் பார்வை இன்னும் போகவில்லை. அவருக்கு இப்போது வேளை தவறாமல் சொட்டு மருந்து நடக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் குடும்பமே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. மருந்து விட்டதும் மூக்கோரம் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கவும், அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் பொறுக்கவும் பழக்கிவிட்ட சிஸ்டருக்கும் நன்றி. ராத்திரி மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், காலை மாலை மருந்துக்கு இரண்டு என்று கேட்காமலே சுற்றிக் கொடுக்கும் மெடிக்கல் ஷாப் தம்பிக்கும்தான்.

வண்டியை விற்ற அன்று நான் சாப்பிடவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை.

வெள்ளைக் கோலைக் கையில் எடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கற்றுக்கொடுத்த ஆசிரியருக்குப் பார்வை கொஞ்சமும் இல்லை. இடது கால் முன்னால் போகும்போது கோலின் முனை வலது பக்கம் தட்டவேண்டும், வலது கால் போகும்போது இடது பக்கம். தோள் அகலத்துக்கு மேல் வீசக் கூடாது. என் காலடிச் சத்தத்தை வைத்தே, "தாளம் தப்புதும்மா, மறுபடி" என்பார். கீழேயே குனிந்து பார்த்து நடந்த என் கழுத்து வலி அந்த மாதத்தில்தான் விட்டது. ஐயா, நீங்கள் எனக்குத் தெருவைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

நான் கடைக்குப் போகும் 29சி பஸ்ஸின் காலை நேரக் கண்டக்டர் தம்பிக்கு இதை எழுதும்போது கை நடுங்குகிறது. எனக்கு நடுப்பார்வை இருக்கிறது. செல்போனில் செய்தி படிப்பேன். மாற்றுத்திறனாளிகள் இருக்கையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒருவர், "நல்லா படிக்கிறாங்க, கையில ஸ்டிக் எதுக்கு? சீட்டுக்காகவா?" என்று சத்தமாகக் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் நல்ல கண்ணிலேயே பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே, 2016-ஆம் வருடச் சட்டப்படி அது குறைபார்வை, சான்றிதழ் பையில் இருக்கிறது. ஆனால் வாய் வரவில்லை. நீங்கள் வந்து, "சார், ரெண்டு கையையும் குழல் மாதிரி சுருட்டி கண்ணுல வெச்சிக்கினு அந்தப் படியில இறங்கிப் பாருங்க. அக்காவுக்கு அப்படித்தான் தெரியுது" என்றீர்கள். அவர் கையைச் சுருட்டி வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிடம் கழித்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். அவருக்கும் என் நன்றி. அதற்கு முந்தின வாரம் நீங்கள் என்னிடம், "எப்படித் தெரியும்க்கா உங்களுக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் அன்றைக்குச் சொல்ல முடிந்தது.

2022-இல் சாதாரண பஸ்ஸின் முன்னாலும் பின்னாலும் பிங்க் அடித்தார்களே, பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் எது என்று தெரிவதற்காக அடித்தது அது. குழல் வழியாகத் தேடும் எனக்கு, வரிசையாக வரும் பஸ்களில் முதலில் சிக்குவது அந்த நிறம்தான். யோசித்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

பெரம்பூரிலும் மயிலாப்பூரிலும் மெட்ரோ வேலை நடக்கிறது. நேற்று இருந்த நடைபாதை இன்று தகரத்துக்குள் போய்விடும், ஸ்டாப் நூறடி தள்ளிப் போயிருக்கும். மனப்பாடம் செய்த வழியில் நடக்கிறவளுக்கு இது பெரிய சோதனை. அங்கே கொடி பிடித்து நிற்கும் வடநாட்டுத் தம்பி, நீங்கள் தமிழில் முதலில் படித்த வார்த்தைகள் எனக்காகத்தானோ என்று தோன்றும். "அம்மா, லெஃப்ட்ல பள்ளம். நாலு அடி. இப்போ நேரா." இவ்வளவுதான் சொல்வீர்கள். எனக்கு வேண்டியதும் இவ்வளவுதான். மழை பெய்து பள்ளமும் ரோடும் ஒன்றாகிவிட்ட அன்று, உங்கள் முழங்கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

இந்த முழங்கை விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லவேண்டும். நல்ல மனசோடு ஓடிவந்து என் கோல் இருக்கிற கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் நிறைய. இழுத்தால் எனக்குத் தரையும் போய்விடும், திசையும் போய்விடும். உங்கள் முழங்கைக்கு மேலே நான் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வந்தால், நீங்கள் படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடம்பிலிருந்தே எனக்குத் தெரிந்துவிடும். மயிலாப்பூர் லஸ் கார்னரில் பூ விற்கும் அக்காவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதல் நாளே, "என்னைப் புடிச்சிக்கிறியா, இல்ல நீயே வர்றியாம்மா?" என்று கேட்டது அவர்தான். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் எனக்கு இருப்பதிலும் பாதி குறைந்துவிடும், ஹெட்லைட் கூசும், பஸ்ஸின் போர்டு வெறும் ஒளியாகத் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் முழத்தை மடியில் போட்டுவிட்டு, "உன் வண்டி வருது, எழுந்திரு" என்று தினமும் குரல் கொடுப்பதும் அவர்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று. அரைகுறையாகத் திறந்து கிடந்த கதவில் நான் இரண்டு முறை நெற்றியை இடித்துக்கொண்ட பிறகு, என் வீட்டுக்காரர் எந்தக் கதவையும் முழுசாகத் திறந்துவைப்பார், இல்லாவிட்டால் முழுசாக மூடுவார். முப்பது வருடப் பழக்கத்தை ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்டார். மாடிப்படி விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டிய மேல்வீட்டுப் பிள்ளைகளுக்கும், மீதிச் சில்லறையைத் தரும்போது ஒவ்வொரு நோட்டையும் வாய்விட்டுச் சொல்லிக் கையில் வைக்கும் மளிகைக்கடை அண்ணாச்சிக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையில், ஸ்டாப்பில், கோயில் வாசலில் பல பேர் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள், நான் கண்டுகொள்ளாமல் போயிருப்பேன். பக்கவாட்டில் நின்று சிரித்தால் எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாமல், நேர் எதிரே வந்து உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இத்தனை நாள் பெயர் தெரியாமலே உங்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் 29சி அக்கா
பெரம்பூர், சென்னை