முதல் தவணை நிறைவு: பெற்றோருக்குச் சில செய்திகள்

அன்புமிகு பெற்றோர்களே, வணக்கம்.

முதல் தவணை நல்லபடியாக முடிகிறது. செந்தமிழ் விழாவிலிருந்து நம் மாணவர்கள் பரிசுகளோடு திரும்பினார்கள். குறுக்கோட்டத்திலும் சோடை போகவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வாசலில் அழுவதை நிறுத்திவிட்டார்கள். சிற்றுண்டிச்சாலைக்குப் புதுச் சாயம் பூசியாகிவிட்டது. உழைத்த அனைவருக்கும் பாராட்டு.

அடுத்து, சைக்கிள் பயணம்.

நம் வட்டாரத்தில் டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தோருக்கு இயந்திரத்தில் இரத்தச் சுத்திகரிப்பு) செய்துகொள்வோருக்கு நிதி திரட்ட முன்னாள் மாணவர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த் வரை இரண்டு நாள் சைக்கிளில் போகிறார்கள். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்துவிட்டு வருகிறவர்களை நீங்களும் அறிவீர்கள். தோட்டத்து உட்புறத்திலிருந்து போய்வரும் வண்டிச் செலவே அவர்களுக்குப் பெரும்பாடு. நல்ல காரியம். பள்ளி முழு மனத்தோடு துணை நிற்கிறது.

முதல் நாள் கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் வழியாகத் தைப்பிங். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இடையில் புக்கிட் பெராப்பிட் ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும். மறுநாள் பாகான் செராய், பாரிட் புந்தார் வயல்வெளி. தரை சமம்தான், ஆனால் தூரம் அதிகம், நிழல் குறைவு. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் பழைய கூட்டரசு சாலையில் லோரிகளோடுதான் போக வேண்டும். அதனால்தான் 18 வயது நிரம்பாத யாரும் இந்தப் பயணத்தில் இல்லை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு உள்ளது வழியனுப்புச் சைக்கிளோட்டம் மட்டும்: பள்ளித் திடலிலிருந்து தோட்டத்துச் சாலை முச்சந்தி வரை, 3 கிலோமீட்டர்.

அந்த 3 கிலோமீட்டருக்கு நம் பிள்ளைகள் எடுக்கும் பயிற்சியைப் பார்த்தால், பட்டர்வொர்த் போகிற அண்ணன்மார்கள் வெட்கப்பட வேண்டும்.

மூன்று வாரமாகக் காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளிக்கு வரும் வழியில் நான் கண்டதைச் சொல்கிறேன். கூட்டரசு சாலை ஓரத்தில் விளக்கில்லாத சைக்கிளில் ஒரு பிள்ளை. பின்னால் மோட்டார் சைக்கிளில் அப்பா, ஒரு காலை நீட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அப்பா தலையில் கவசம் இருந்தது, பிள்ளை தலையில் இல்லை. அவர்களை ஒட்டிச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கடந்தபோது நான் வண்டியை ஓரம் கட்டி ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு மாணவர் முழங்கையில் கட்டோடு வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். ஓய்வு நேரத்துக்குள் உண்மை பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்ப்பவர்களைப் பற்றி வகுப்பாசிரியர்கள் உங்களிடம் ஏற்கெனவே பேசியிருப்பார்கள்.

உங்கள் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பகலில் வெயில், பிற்பகலில் இடி மழை, வேலைக்குப் போகுமுன் கிடைப்பது அந்த ஒரு மணி நேரம்தான். பிள்ளையோடு சேர்ந்து ஒன்றைச் செய்ய நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்வேனா? ஆனால் 1982ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளியதிலிருந்து நமக்குச் சூரியன் எழுவது ஏழு மணிக்கு மேல்தான். ஆறு மணி என்பது கணக்குக்குத்தான் காலை, கண்ணுக்கு இரவு. என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவார். நெற்றியில் விளக்கைக் கட்டாமல் ஒரு நாளும் படி இறங்கியதில்லை. அவர் போனதோ மரங்களுக்கு நடுவே. அங்கே லோரி வராது.

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், விடியுமுன் சாலையில் சைக்கிளோடு இருந்த 8 பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். நம் மாணவர்களைவிடச் சற்றே மூத்தவர்கள்.

ஆகவே இதை வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் வருமுன் கூட்டரசு சாலையில் நம் மாணவர் எவரையும் சைக்கிளோடு கண்டால், அன்றே அவர் பெயர் ஓட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். சங்கச் செயலவை உறுப்பினரின் பிள்ளை என்றாலும் அப்படித்தான். மறுபடியும் நடந்தால் மாணவர் பங்கேற்பு முழுவதையும் ரத்து செய்வேன். பிரேக்கைக் கழற்றிய சைக்கிளும் பள்ளிக் கேட்டைத் தாண்டாது. இதில் என்னிடம் பேரம் பேச வர வேண்டாம்.

மாற்று ஏற்பாடு இருக்கிறது. விடுமுறை முடிந்ததும் சனிக்கிழமைகளில் காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை பள்ளித் திடலிலும் தோட்டத்துச் செம்மண் சாலையிலும் பயிற்சி. இரண்டு ஆசிரியர்கள் கூடவே இருப்பார்கள். முதல் வாரம் ஒரு கிலோமீட்டர் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். தூரம் போகிற பெரியவர்களே அப்படித்தான் பழகுகிறார்கள். இடையிடையே ஓய்வு நாளும் விடுகிறார்கள். பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள். தாகம் எடுக்குமுன்னே குடிக்க ஒரு போத்தல் தண்ணீர். இருக்கை உயரத்தையும் பாருங்கள்: அண்ணன் சைக்கிளில் பெடல் எட்டாமல் இடுப்பை ஆட்டி மிதிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

இவ்வளவு கடுமையாக எழுதியது சிலருக்கு வருத்தம் தரலாம். அந்த அப்பாவிடம் நேரில் பேசினேன். கோபப்படவில்லை. மறுநாளே மகனுக்குத் தலைக்கவசம் வாங்கிவந்து காட்டினார், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. தன் கடையில் எல்லாப் பிள்ளைகளின் பிரேக்கையும் இலவசமாகச் சரிபார்த்துத் தர முன்வந்த முன்னாள் மாணவருக்கும், சனிக்கிழமைக்குக் கஞ்சி காய்ச்சித் தருவதாகச் சொன்ன அம்மாமார்களுக்கும் நன்றி. சங்கத் தலைவர் இந்தக் கடிதத்தை முன்கூட்டியே படித்துவிட்டு ஒரு வரிகூட மாற்றச் சொல்லவில்லை. அவருக்குத் தனி நன்றி.

இணைத்துள்ள அனுமதிப் படிவத்தில் கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் முதல் நாள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கவும். படம் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால் ஏற்க இயலாது.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: குறுக்கோட்டத்தன்று விட்டுச்சென்ற ஒற்றைக் காலணிகள் நான்கு அலுவலகத்தில் இருக்கின்றன. நான்கும் இடது கால்.