சிறு குழந்தை வளர்ச்சி பற்றிப் படிப்பவர்களுக்குப் பொது நூலகங்களில் தேடல் உதவி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மழலையர் பள்ளி ஆசிரியை, பொது நூலக உறுப்பினர்
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது நூலகத் துறை

பொருள்: பிறப்பு முதல் எட்டு வயது வரையிலான குழந்தை வளர்ச்சி பற்றிய நூல்களையும் இணையத் தரவுகளையும் தேடிப் படிக்க, பொது நூலகங்களில் ஆள் உதவி, தமிழில் ஒரு வழிகாட்டி, சந்தா இதழ்களைப் படிக்கும் வசதி ஆகியவை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் பதினோரு வருடமாக மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டு, மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தைகளைப் பற்றி, பள்ளி வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் படித்தும் குறிப்பெடுத்தும் வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் நான் பதிவு செய்யவில்லை. அதனால் பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழையும் கடவுச்சொல் என்னிடம் கிடையாது. கையில் இருப்பது பொது நூலக உறுப்பினர் அட்டை மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடிந்தது, எங்கே வழி அடைபட்டது என்று தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

முதல் நாள் நூலகக் கணினியில் 'குழந்தை வளர்ச்சி' என்று தட்டினேன். குழந்தைப் பாடல்கள் வந்தன, நீதிக்கதைகள் வந்தன, குழந்தைக்குச் சூட்ட அழகான பெயர்கள் என்று மூன்று தொகுப்புகள் வந்தன. நான் தேடியது வரவில்லை. இங்கே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாரம் ஒருமுறை வந்து அடுக்கு அடுக்காகத் தடவிப் பார்ப்பதும், வெறும் கையோடு திரும்புவதுமாக நாலு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள், தினமும் செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர், "என்னம்மா தேடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தைக் கிழித்து ஆறு எண்களை எழுதிக் கொடுத்தார்: 155.4, 305.23, 372.21, 401.93, 618.92, 649.1. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் குழந்தை உளவியல் முதல் எண்ணில் இருக்கிறது. சமூகவியல் பார்வையில் குழந்தைகள் இரண்டாவதில். முன்பருவக் கல்வி மூன்றாவதில், மொழி கற்கும் விதம் நான்காவதில், குழந்தை மருத்துவம் ஐந்தாவதில், வளர்ப்பு முறை ஆறாவதில். ஒரே குழந்தையை ஆறு துண்டாக்கி, இரண்டு மாடியில், ஆறு அடுக்கில் வைத்திருக்கிறோம்! அது வகைப்பாட்டின் குற்றம் இல்லை. ஒரு புத்தகம் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் 649-க்கு முன்னால் நிற்பவருக்கு 401.93-லும் தனக்கு வேண்டியது இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு அட்டைகூடத் தொங்கவில்லை. அன்று மாலையே ஒன்பது புத்தகங்கள் கிடைத்தன. அந்தத் துண்டுச் சீட்டு மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த ஒன்பதில் வேறொரு சிக்கல் இருந்தது. ஒன்றில் குழந்தையின் எடை, உயர வரைபடம் இருந்தது. பழைய பதிப்பு. 1977-ல் வெளியான அமெரிக்க அளவீட்டை ஒட்டிய வரைபடம் அது. கைக்குழந்தைகளுக்கான அந்த அளவுகள் ஓஹையோ மாநிலத்தில் ஒரே வட்டாரத்தில், பெரும்பாலும் புட்டிப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளிடம் எடுக்கப்பட்டவை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் எடையை அதில் குறித்துப் பார்த்தால், முதல் சில மாதங்களுக்குப் பிறகு கோடு சரிவது போலத் தெரியும். குழந்தை நன்றாகத்தான் இருக்கும். அம்மாவுக்குத்தான் தூக்கம் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து, 2006-ல் புதிய வரையறையை வெளியிட்டுவிட்டது. அதே போல, எந்த மாதத்தில் குழந்தை எதைச் செய்யும் என்ற பட்டியலை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் திருத்தியது. முன்பு பாதிக் குழந்தைகள் செய்துவிடும் வயதைப் போட்டிருந்தார்கள். இப்போது நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடும் வயதைப் போடுகிறார்கள். பழைய புத்தகங்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வரலாறு படிப்பவருக்கு அவை வேண்டும். ஆனால் வரைபடம் மாறிவிட்டது என்று அட்டையின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினால் போதும்.

சரி, இணையத்துக்கு வருகிறேன். எல்லாம் கூகுளில் கிடைக்குமே, நூலகம் எதற்கு என்று தங்கள் அலுவலகத்திலேயே யாராவது கேட்கலாம். அதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் வகுப்புக் குழந்தை ஒருத்தியின் தம்பிக்குப் பதினாலு மாதம். "இன்னும் நடக்கலை டீச்சர்" என்று அவன் அம்மா கைபேசியை நீட்டினார். ஒரு வயதுக்குள் நடக்காவிட்டால் மூளையில் கோளாறு என்று யாரோ அனுப்பிய செய்தி. கூகுளில் தேடியிருக்கிறார், அதே செய்தி வேறு வேறு படங்களோடு பத்து இடத்தில் வந்திருக்கிறது. பத்து இடத்தில் வந்தால் நிஜம்தானே என்று அவர் கேட்டதற்கு எனக்கும் உடனே பதில் வரவில்லை. மூன்று மாலைப் பொழுது உட்கார்ந்து தேடியபின், உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணை அகப்பட்டது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியது. பிடிமானம் இல்லாமல் நடப்பதற்கான இயல்பான வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை என்று அதில் இருக்கிறது. 17.6-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள், இப்போது பயப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பையன் நடந்தானா என்பது இங்கே விஷயம் இல்லை. அந்த ஒரு பக்க அட்டவணை இலவசமாகத்தான் கிடக்கிறது. அது இருக்கும் இடத்தைச் சொல்ல ஆள் இல்லாததால் மூன்று நாள் போனது.

இலவசமாக இருப்பவை இன்னும் நிறைய. கல்வி ஆய்வுகளுக்கு 1966 முதல் இயங்கும் எரிக் தரவுத்தளம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளுக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட். அதில் பெரும்பாலும் சுருக்கம்தான் கிடைக்கும். முழுக் கட்டுரைகளுக்கு அதன் பக்கத்திலேயே 2000-ல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் இருக்கிறது. குழந்தைகள் பேசுவதை அப்படியே எழுத்தில் பதிந்து வைத்த சைல்ட்ஸ் தொகுப்பு 1984-ல் தொடங்கியது. தமிழ்க் குழந்தையின் பேச்சும் அதில் உண்டு. பேச்சு பற்றிப் படிக்கும் நான் இதை எத்தனை வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தளங்களின் வாசலில் நம்மைத் தடுப்பது சொல். நமக்குக் குழந்தை, மழலை, சிசு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். பப்மெட்டுக்கு அப்படி இல்லை. பிறந்து ஒரு மாதம் வரை நியூபார்ன். ஒன்று முதல் 23 மாதம் வரை இன்ஃபன்ட். இரண்டு முதல் ஐந்து வயது வரை சைல்டு, ப்ரீஸ்கூல். கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கத் தளமே வைத்திருக்கும் இந்தப் பொருட்சொற்களைப் போட்டு வடிகட்டினால் வருவது வேறு, மனம் போனபடி தட்டினால் வருவது வேறு. நான் முதலில் 'லேட் டாக்கிங்' என்று தட்டி, இரவு நேரத்தில் தொலைபேசியில் பேசுவது பற்றியெல்லாம் படித்தேன். ஆய்வாளர்கள் அதை 'லேட் டாக்கர்' என்றும் 'லேங்குவேஜ் டிலே' என்றும்தான் எழுதுகிறார்கள் என்பது தற்செயலாகத் தெரிந்த பிறகுதான் கதவு திறந்தது. எட்டு வயது என்று பொருளில் குறிப்பிட்டதற்கும் இதுபோல ஒரு காரணம் உண்டு. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005-ல் தன் ஏழாவது பொதுக் கருத்துரையில் எட்டு வயதுக்கு உட்பட்ட பருவத்தைத்தான் இளங்குழந்தைப் பருவம் என்று வரையறுத்தது. பள்ளிக்கு முந்தைய வயதோடு நிறுத்திக்கொண்டு தேடுபவர்கள் அதற்கப்பால் இருப்பதைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள்.

சொல் கிடைத்த பிறகு அடுத்த பூட்டு, பணம். தலைப்பு நமக்கு வேண்டியதாகவே இருக்கும். சுருக்கத்தைப் படித்தால் நம் வகுப்பில் இருக்கும் பிள்ளையைப் பற்றியே எழுதியது போல இருக்கும். கீழே இறங்கினால், படிக்க வேண்டுமானால் கட்டணம் செலுத்துங்கள் என்று ஒரு பெட்டி. அன்பேவால் என்றொரு இலவச நீட்சி இருக்கிறது (தமிழில் எழுதினால் அன்பு பொங்குகிறது, என்ன செய்ய). கட்டுரையின் முறையான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அது காட்டிக் கொடுக்கும். அதை உலாவியில் சேர்க்கும் உரிமை நூலகக் கணினியில் வாசகருக்கு இல்லை. கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. நான் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் அனுப்பி வைத்தார்கள். ஒருவர் என் வகுப்பைப் பற்றி விசாரித்தும் எழுதினார்.

ஆகவே என் வேண்டுகோள்கள். முதன்மையானது ஆள்தான். ஒவ்வொரு மைய நூலகத்திலும் ஒரு நூலகருக்கு மேற்சொன்ன தளங்களில் தேடப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் வாசகரோடு உட்காரச் சொல்ல வேண்டும். மாலை என்று அழுத்திச் சொல்கிறேன். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் பகலில் வர முடியாது. பணியாளர்கள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. கேட்டபோதெல்லாம் எழுந்து வந்து தேடினார்கள். அவர்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, தமிழில் நாலு பக்கத்தில் ஒரு வழிகாட்டி. தமிழ்ச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலப் பொருட்சொல், வயது வரம்பு, அடுக்கு எண், இலவசத் தளம் என்று இருந்தால் போதும். அச்சிட்டுக் கணினிக்குப் பக்கத்தில் மாட்டலாம். வருடத்துக்கு ஒருமுறை யாராவது திருத்த வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் 1977 வரைபடம் போல ஆகிவிடும். அடுக்குகளில் 'இதையும் பார்க்க' அட்டைகளும், நூலகக் கணினிகளில் அன்பேவால் நீட்சியும் இதோடு சேர்த்துச் செய்யக்கூடிய சின்ன வேலைகள்.

மூன்றாவது வேண்டுகோளுக்குத்தான் தங்கள் நிலையில் உள்ளவரின் கையெழுத்து வேண்டும். சந்தா இதழ்களைப் பொது நூலகம் புதிதாக வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதன் செலவு எனக்குப் புரிகிறது. பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே வாங்குகின்றன. நேரில் வந்து அவர்கள் கணினியில் உட்கார்ந்து படிக்கும் வெளியாட்களுக்குப் பல பதிப்பகங்களின் ஒப்பந்தங்களே இடம் தருகின்றன. பொது நூலக உறுப்பினர் அட்டையைக் காட்டினால் வாரத்தில் ஒருநாளாவது உள்ளே விட வேண்டும் என்று தங்கள் துறை பல்கலைக்கழகங்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். நூலகங்களுக்கிடையே இரவல் கேட்கும் படிவம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைக் கவுன்டரில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கச் சொன்னாலும் நல்லது.

வாசகரின் நேரத்தைச் சேமி என்பது நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலகவியல் விதிகளில் நான்காவது என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நாலு மாதம் போனதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேச்சு வராத இரண்டு வயதுக் குழந்தைக்கு நாலு மாதம் என்பது அது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு.

அந்த ஓய்வுபெற்ற நூலகர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசலை நானே வைத்துக்கொள்கிறேன். மேற்சொன்ன வழிகாட்டியைத் தயாரிக்க ஆள் இல்லை என்றால், நான் இதுவரை சேர்த்த சொற்பட்டியலைத் தரவும், சனிக்கிழமை மாலைகளில் வந்து உதவவும் தயாராக இருக்கிறேன். தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: அடுக்கு எண்கள் எழுதிய துண்டுச் சீட்டின் நகல், ஒரு தாள்.