அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கு எல்லோரும் நலம். தென்னைக்குத் தண்ணீர் போதவில்லை; அதை அப்புறம் எழுதுகிறேன். காய்ச்சல் விட்டதா? போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது இடது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாய். அம்மா கவனித்துவிட்டாள். நானும்தான். கேட்டிருந்தால், "ஒன்றுமில்லைப்பா, இந்த வேலை முடியட்டும்" என்றிருப்பாய்.

நேரத்துக்குச் சாப்பிடு. கஞ்சியாவது வைத்துக் குடி. பெங்களூரில் நீ வாங்கும் சம்பளத்தைக் கேட்டு நம் வீதியே வாயைப் பிளக்கிறது, எனக்கும் பெருமைதான். ஆனால் காய்ச்சலோடு இரவு இரண்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்துகொண்டு, "வீட்டில்தானே இருக்கிறேன்" என்று என்னை ஏமாற்றாதே. எங்கள் காலத்தில் காய்ச்சல்காரன் மில் கேட்டைத் தாண்ட வேண்டும். வாட்ச்மேனாவது முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார். உன் வேலை படுக்கைக்கே வந்துவிடுகிறது.

வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தேன். இதோடு இருக்கிறது, படி. பெரிய முதலாளிகளோ 70 மணி, 90 மணி என்கிறார்கள். பெரியப்பாவை நினைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது? தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் நோய் விடுப்பு வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு, பணமும் கிடைக்கும். முப்பது வருடத்தில் ஒரு நாள்கூட எடுத்ததில்லை என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே முழு நைட் பார்த்ததை வீரமாகச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் உனக்கு 102 டிகிரி. வருகைப் பரிசு போய்விடுமே என்று மாத்திரையைக் கொடுத்து, சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளியில் விட்டுவந்தேன். பிரேயரில் மயங்கி விழுந்தாய். பரிசாக வந்த எவர்சில்வர் டப்பாவில்தான் அம்மா இன்னும் கடுகு போட்டு வைத்திருக்கிறாள். அன்று காலை உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவன் நான். தெரிந்துதான் அனுப்பினேன், கண்ணு.

லீவு போடு. சம்பளத்தைப் பிடித்தால் பிடிக்கட்டும். இதை அம்மா கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன்; நீ படிக்கும்போது அவள் உன் அடுப்படியில் இருப்பாள். வேலை இருக்கிறது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நான் வீடியோவில் கூப்பிடுவேன். இரண்டு கையையும் மேசைமேல் வை.

இப்படிக்கு,
அப்பா