பெயர் போட்டும் போடாமலும் நன்றி

ஆப்கான் இசையையும் ராக்கையும் கலந்து வாசிக்கும் எங்கள் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்து, ஹாம்பர்க்கில் அறிமுகக் கச்சேரியும் நல்லபடியாக நடந்து முடிந்தது. டிக்கெட் வாங்கி வந்தவர்கள், இடமில்லாமல் நின்றே கேட்டவர்கள், பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆடியவர்கள் எல்லோருக்கும் நன்றி. யாரும் சொல்லாமலே நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போன அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று.

எங்கள் உஸ்தாத், அதாவது குரு, இசைக்கலைஞர்கள் வழிவழியாக வாழ்ந்த காபூலின் கராபாத் பகுதியில் வளர்ந்தவர். எலெக்ட்ரிக் கிட்டாரோடு போய் நின்றபோது விரட்டிவிடுவார் என்றுதான் நினைத்தோம். ஆப்கான் பாடகர் அகமது ஜாகிர் எழுபதுகளிலேயே எலெக்ட்ரிக் ஆர்கன் வைத்துப் பாடவில்லையா, இதில் என்ன புதுசு என்று கேட்டார். ஆனால் இரண்டு விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு மாத்திரைத் தாளத்தை டிரம்ஸின் வசதிக்காக எட்டாக்கக் கூடாது. மூன்று, இரண்டு, இரண்டு என்றுதான் அது நடக்க வேண்டும். அப்புறம், ரபாப் என்ற தந்தி வாத்தியத்தின் ஒற்றை மெட்டின் மேல், பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கிட்டார் கார்டுகளைக் கொட்டக் கூடாது. அதனால்தான் எங்கள் கிட்டார் ஆதார ஸ்வரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டு உறுமுகிறது. ராக் காரர்களின் பவர் கார்டும் அதுதானே!

அந்த ரபாபை மேடையில் கேட்க வைத்தவர் எங்கள் ஒலிப்பொறியாளர். மல்பெரி மரத்தைக் குடைந்து ஆட்டுத்தோல் போர்த்திய வாத்தியம் அது. மீட்டும் தந்திகளுக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய தந்திகள் தொடாமலே சேர்ந்து அதிரும். வீட்டில் கேட்டால் தேன். மேடையில் பேஸ் டிரம்மில் ஓர் அடி விழுந்தால் தோலும் தந்தியும் சேர்ந்து ஊளையிடும். அவர் மைக்கை எடுத்துவிட்டு, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில், அதிர்வை நேராகப் பிடிக்கும் சின்னப் பிக்கப் ஒன்றை ஒட்டி, கீழ் ஒலிகளைக் குறைத்து, டிரம்ஸை மறுகோடிக்குத் தள்ளினார். டிரம்மர் இன்னும் முணுமுணுக்கிறான். அது அவன் பாடு.

எங்களுக்கு முன்னால் போனவர்களையும் மறக்க முடியாது. 2008இல் தொடங்கிய காபூல் ட்ரீம்ஸ் ராக் குழுவினரும், 2011இல் இடத்தைக் கடைசிவரை வெளியில் சொல்லாமல் காபூலில் சவுண்ட் சென்ட்ரல் ராக் விழாவை நடத்தியவர்களும்தான் அவர்கள். ராக் நமக்கு ஆகாது என்று வீட்டில் சொன்னபோதெல்லாம் அவர்களைத்தான் காட்டினோம்.

இனி நன்றி சொல்லப்போகிறவர்களின் பெயரைப் போட முடியாது. 2023இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத்தில் தாலிபான்கள் வாத்தியங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். 2024இல் வந்த சட்டம், பெண் குரலே பொதுவில் கேட்கக் கூடாது என்கிறது. அந்த நாட்டில் இருந்துகொண்டுதான் எங்கள் பாடகியின் அத்தை, குரல் செய்தியாக லண்டைகளை ஒவ்வொன்றாகப் பாடி அனுப்பினார். பஷ்தூன் பெண்கள் பாடிப் பாடி வந்த இரண்டடிப் பாட்டு அது. முதல் அடிக்கு 9 அசை, அடுத்ததற்கு 13. அத்தையின் குரலையே தட்டில் சேர்க்கலாமா என்று கேட்டோம். வேண்டாம், கேட்டுப் படித்துக்கொண்டு அழித்துவிடுங்கள் என்றார். அப்படியே செய்தோம். மூன்றாவது பாட்டில் அடிக்கடி ஒரு சொல் இழுபடுகிறதே, அது அவர் இழுப்பு. பழைய ரபாப் ஒன்றை எல்லை தாண்டி எடுத்து வந்த ஓட்டுநருக்கும், அதை அதுவரை மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த குடும்பத்துக்கும் நன்றி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கச்சேரியைப் படம் பிடித்தவர்கள் மேடையை மட்டும் பகிருங்கள். கூட்டத்தில் இருந்த பலருக்கு ஊரில் உறவினர்கள் இருக்கிறார்கள். முகம் தெரிகிற பகுதியை வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
குழுவினர் ஐவரும்