பேஜ் சிகிச்சைக்கு முதலில் வேண்டியது சேகரிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களை அழிக்கும் பாக்டீரியோபேஜ் (சுருக்கமாக, பேஜ்) வைரஸ்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால், எந்தத் தொற்றுக்கும் உடனே எடுத்துக் கொடுத்துவிடக்கூடிய மருந்தாகப் பேஜை அது காட்டிவிட்டது என்ற குறை எனக்கு உண்டு.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நோயாளியிடமிருந்து எடுத்து வளர்த்த பாக்டீரியா எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்லும் கல்ச்சர் அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றுக்கும் நேரே ‘கேட்காது’ என்ற பொருளில் குறித்துவிட்டுக் கையெழுத்திடும்போது, அந்த நோயாளியின் முகம் தெரியாவிட்டாலும் மனம் கனத்துப்போகும். 2019-ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய தொற்றுகள் நேரடிக் காரணமாகி உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

பேஜ் புதிய கண்டுபிடிப்பும் அல்ல. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் தெரெல் 1917-இலேயே அதற்குப் பெயர் சூட்டினார். ஜார்ஜியா நாட்டின் டிபிலிசி நகரில் 1923-இல் தொடங்கிய எலியாவா நிறுவனம் இன்றும் பேஜ் சிகிச்சையைக் கைவிடவில்லை.

பேஜின் வலிமை, பாக்டீரியாவை வளர்க்கும் பெட்ரித் தட்டில் கண்கூடாகத் தெரியும். இரவு முழுக்க வளர்ந்த பாக்டீரியா தட்டெங்கும் வெண்படலமாகப் படர்ந்திருக்க, பேஜ் கரைசலைச் சொட்டிய இடம் மட்டும் துடைத்துவிட்டாற்போல் தெளிந்திருக்கும். அதே பேஜை, அதே இனப் பாக்டீரியா மீது, ஆனால் வேறொரு நோயாளியிடமிருந்து எடுத்ததன் மீது சொட்டினால் படலம் அப்படியே இருப்பதும் உண்டு. பாக்டீரியாவின் மேற்பரப்பில் தனக்குப் பொருந்தும் மூலக்கூறு இருந்தால்தான் பேஜ் அதைப் பற்றிக்கொண்டு தன் மரபணுவை உள்ளே செலுத்த முடியும். நம் உடலின் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீங்கு நேராததற்கும் இதுவே காரணம். ஒரே புட்டியை எல்லோருக்கும் கொடுக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

அமெரிக்கப் பேராசிரியர் டாம் பேட்டர்சன், அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்றால் நினைவிழந்து கிடந்து 2016-இல் பேஜ் சிகிச்சையால் பிழைத்தது பலரும் அறிந்ததே. அவருடைய பாக்டீரியா முதலில் கொடுத்த பேஜ்களை எதிர்க்கத் தொடங்கியதும் புதிய பேஜைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தீப்புண் தொற்றுக்காக ஐரோப்பாவில் நடந்த ‘ஃபேகோபர்ன்’ பரிசோதனையிலோ, தயாரித்து வைத்த பேஜ்கள் வீரியம் இழந்ததால் நோயாளிகளுக்குத் திட்டமிட்டதைவிட மிகக் குறைந்த அளவே போய்ச் சேர்ந்தது. நம்பிக்கை இழப்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. எங்கே உழைக்க வேண்டும் என்பதை இவை காட்டுகின்றன.

பல்வகைப் பேஜ்களைச் சேகரித்து, மரபணுவைப் படித்து, தூய்மைப்படுத்தி, வீரியம் குறையாமல் காக்கும் பேஜ் வங்கிகள் முன்கூட்டியே இருந்தால்தான், நோயாளி கவலைக்கிடமான பிறகு உலகெங்கும் மின்னஞ்சல் அனுப்பித் தேடும் நிலை மாறும். சட்டமும் இதற்கு இடங்கொடுக்க வேண்டும். மருத்துவரின் சீட்டுப்படி, தரம் சோதித்த பேஜைக் கொண்டு குறிப்பிட்ட நோயாளிக்கென்றே மருந்தாளுநர் மருந்து தயாரிக்கும் முறையைப் பெல்ஜியம் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. மற்ற நாடுகளும் அதைக் கருத்தில் கொள்ளலாம்.

இன்னொன்று: எந்த மருந்துக்கும் அடங்காத பாக்டீரியா கிடைக்கும்போது, அறிக்கை கொடுத்த கையோடு ஆய்வகங்கள் அதை அழித்துவிடாமல், உரிய பாதுகாப்புடன் உறைநிலையில் வைத்திருக்க வேண்டும். பொருத்தமான பேஜைத் தேட அந்த மாதிரிதான் ஆதாரம். தங்கள் நாளிதழ் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பிழைத்தவர்களின் கதையோடு இந்தச் சேகரிப்புப் பணியையும் விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்